அம்மியில் அரைத்தவர்களின் இடுப்பு

அன்புள்ள அக்கா,

நான் மட்டக்களப்பில் இயன்மருத்துவராக (பிசியோதெரபிஸ்ட்) பணிபுரிகிறேன். சென்ற மாதம் படுவான்கரைக் கிராமமொன்றில், இடுப்பு வலி வருமுன் காப்பது பற்றிப் பெண்களுக்கு வகுப்பெடுத்தேன். ஒழுங்குசெய்த பெரியவர் என்னை “நோவு பிடித்துவிடும் பிள்ளை” என்று அறிமுகப்படுத்தினார். முடிவில் ஒலிவாங்கியை வாங்கி, “அந்தக் காலத்துப் பெண்கள் அம்மியில் அரைத்தார்கள், உரலில் இடித்தார்கள், அவர்களுக்கு என்ன வலி வந்தது?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. இதை நான் பெரிதுபடுத்துகிறேனா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

இல்லை. அந்தச் சிரிப்பை விட, அதன்பின் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை வருத்துகிறது. வலி முற்றிவிட்டால் எவரும் எப்படியோ வைத்தியரிடம் போய்விடுவார். வருமுன் காப்பதென்றால், இருமும்போது சிறுநீர் கசிகிறது, குந்தியெழும்போது இடுப்புப் பிடிக்கிறது என்பதை, அது சின்ன விஷயமாக இருக்கும்போதே ஒரு பெண் வாய் திறந்து சொல்ல வேண்டும். கெட்ட எண்ணம் எதுவுமின்றியே அப்பெரியவர் அந்த வாயை அடைத்துவிட்டார்.

அந்தக் காலத்துப் பெண்களுக்கும் வலி வந்தது. என் அம்மா அம்மியில் அரைத்தவர்தான். நான்கு பிள்ளைகளைப் பெற்ற அவர், கல்முனைக்குப் பஸ் ஏறும் நாட்களில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கமாட்டார். கைப்பையின் அடியில் பழைய சேலைத் துண்டொன்றை நான்காக மடித்து வைத்திருப்பார். அது எதற்கென்று எனக்குத் தெரியவந்தபோது அவருக்கு எழுபது வயது. சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி பற்றி ஆர்னோல்ட் கெகல் என்ற அமெரிக்க வைத்தியர் 1948 இலேயே எழுதிவிட்டார். சிறுநீரை அடக்குவதுபோலத் தசையை இறுக்கி, சில விநாடிகள் வைத்திருந்து தளர்த்துவதுதான் அது. கர்ப்ப காலத்திலேயே தொடங்கினால் பேறுக்குப் பின் கசிவு வரும் வாய்ப்புக் குறைகிறது என்பது இன்று உறுதியாகத் தெரிந்த விடயம். அம்மாவுக்கு அதை எவரும் சொல்லவில்லை. அவரும் எவரிடமும் கேட்கவில்லை.

உழைப்பே போதிய பயிற்சி என்பதும் பாதி உண்மைதான். நாள் முழுதும் குனிந்து களை பிடுங்குபவரும், மருதமுனையில் தறியில் இருப்பவரும் உழைக்காமலா வலியோடு உங்களிடம் வருகிறார்கள்?

“பிடித்துவிடும் பிள்ளை” என்பது போன்ற பேச்சு உங்கள் தொழிலில் பழையது. 1894 இல் இலண்டனில், உடல் பிடித்துவிடும் பெண்களின் ஒழுக்கத்தைப் பற்றி அவதூறு பரவியபோது, நான்கு தாதியர் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, வைத்தியரின் பணிப்பின்றிச் சிகிச்சை செய்வதில்லை என்று விதி வகுத்தார்கள். இன்றைய பிரித்தானிய இயன்மருத்துவச் சங்கம் அதிலிருந்து வளர்ந்தது. ஆகவே “பிடித்துவிடும் பிள்ளை” என்பதை அந்த இடத்திலேயே, மரியாதையோடு, “இயன்மருத்துவர்” என்று திருத்துங்கள். அது உங்கள் தனிப்பட்ட கௌரவத்துக்காக மட்டும் கேட்பதில்லை.

அடுத்த முறை ஒலிவாங்கி வேண்டாம். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் நாளில், அவர்களுக்கு ஏற்கெனவே பழக்கமான குடும்பநல மாதுவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்துப் பேரோடு பாயில் வட்டமாக இருங்கள். “பஸ் ஏறும் நாளில் தண்ணீர் குடிக்காமல் வருபவர்கள் யார்?” என்று முதற் கேள்வியை நீங்களே கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா