ரெஜிஸ்டரை எண்ணினால் போதுமா?

ஐயா,
கூட்டல், பெருக்கல் செய்யும் கேட்களை அடுக்கடுக்காகக் கோத்ததுதான் இயற்கணித சர்க்யூட். அதில் கேட்களின் எண்ணிக்கையை நேரம் என்கிறோம். அடுக்குகளின் எண்ணிக்கையான ஆழம், இணைக் கணிப்பின் நேரம். நினைவிடத்துக்கு எது அளவு? இடைவிடைகளை வைக்கும் ரெஜிஸ்டர்களின் எண்ணிக்கை என்கிறார் ஒருவர், ஓர் அடுக்கில் எத்தனை கேட் என்று சொல்லும் அகலம் என்கிறார் இன்னொருவர். ஆய்வேட்டில் எதைப் போட்டால் பிரச்சினை வராது? இதெல்லாம் வேலைக்கு உதவுமா?
– முதுகலைக் கணித மாணவர்

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாக எனக்குள்ளும் இதே விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் உடனே எழுதுகிறேன். வேலையைப் பற்றிப் பிறகு பேசலாம். ‘பிரச்சினை வராது’ என்பதை முதலில் அழியுங்கள். தேர்வாளருக்குப் பயந்து வரையறை எடுப்பவர் படிவம் நிரப்புகிறார், கணிதம் செய்யவில்லை.

ரெஜிஸ்டரை மட்டும் எண்ணுவது, எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்காமல் குடத்தை எண்ணுவது. 2-ஐ ஒரே ரெஜிஸ்டரில் வைத்து வர்க்கப்படுத்திக்கொண்டே போங்கள். 4, 16, 256, 65,536. பத்தாவது முறை 309 இலக்கங்கள். இருபதாவது முறை மூன்று லட்சத்துக்கும் மேல். கணக்கில் இன்னும் ஒரே ரெஜிஸ்டர்! ஒரு ரெஜிஸ்டரில் ஒரு முழு மெய்யெண்ணையே வைத்துக் கணிக்கும் மெய்யெண் இயந்திரத்தை ப்ளம், ஷுப், ஸ்மேல் மூவரும் 1989-ல் முன்வைத்தார்கள். அதில் கணிக்க முடிந்த எதையும், உள்ளீட்டுக்கு மேல் மாறாத எண்ணிக்கை ரெஜிஸ்டர்களிலேயே முடிக்கலாம் என்று மிஷோ அதே ஆண்டில் காட்டிவிட்டார். நேரம்தான் தாறுமாறாக ஏறும். எதை அளந்தாலும் ஒரே விடை சொல்லும் அளவுகோலை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

அதற்காக ரெஜிஸ்டர்களை அலட்சியப்படுத்திவிடாதீர்கள். எந்த இயற்கணிதச் சூத்திரத்தையும் மூன்றே ரெஜிஸ்டர்களில் கணிக்கலாம் என்று 1988-ல் பென்-ஓரும் கிளீவும் நிறுவினார்கள். தாளை எடுங்கள். அ, ஆ, இ மூன்று ரெஜிஸ்டர்கள். ப, ம இரண்டு சூத்திரங்கள். ஆ-வுடன் அ×ப×ம சேர வேண்டும். இ-யில் ஏற்கெனவே ஏதோ கிடக்கிறது, அதை அழிக்கக் கூடாது.

இ-யுடன் அ×ப-வைக் கூட்டுங்கள்.
ஆ-வுடன் இ×ம-வைக் கூட்டுங்கள்.
இ-யிலிருந்து அ×ப-வைக் கழியுங்கள்.
ஆ-விலிருந்து இ×ம-வைக் கழியுங்கள்.

ஆ-வில் வேண்டியது சேர்ந்துவிட்டது, இ பழையபடி இருக்கிறது. இதை வகுப்பில் எழுதும்போதெல்லாம் ஒரு பிள்ளையாவது எழுந்து, “இ-யில் என்ன இருந்தாலுமா சார்?” என்று கேட்கும். என்ன இருந்தாலும்தான்! அந்தப் பிள்ளை எனக்குப் பிடித்துப்போகும். ஒவ்வொரு பெருக்கலுக்கும் நாலு படி, ஆகவே ஆழம் கூடக் கூட நேரம் நாலு மடங்காகப் பெருகும். ஆழத்தை மடக்கை அளவுக்குள் வைத்துக்கொண்டால் அது கட்டுக்குள்தான் இருக்கும்.

அகலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கணிக்கும் பல்லுறுப்புக் கோவையின் படி, அதாவது அதிலுள்ள உச்ச அடுக்கு, சிறியதாக இருக்கும்வரை அகலத்தையே போடுங்கள். படி கைமீறினால், ரெஜிஸ்டருக்குள் இருப்பதை எழுத எத்தனை பிட் ஆகும் என்றும் எண்ணுங்கள். அகலம் இரண்டு போதாது. தனித்தனி மாறிகளாலான எட்டு இருமாறிப் பெருக்கல்களின் கூட்டலைக்கூட அகலம் இரண்டு கொண்ட கிளைநிரலால் (அடுக்கடுக்கான வரைபடமாக எழுதிய நிரல்) கணிக்க முடியாது என்று 2011-ல் அலெண்டரும் வாங்கும் காட்டினார்கள்.

நிரம்பிய ரெஜிஸ்டரை இரவல் வாங்கிப் பழையபடி திருப்பித் தரும் அந்த யோசனையை வளர்த்துத்தான் குக்கும் மெர்ட்ஸும் 2024-ல் மர மதிப்பீட்டுக் கணக்கை (மரத்தின் இலைகளில் தொடங்கி வேர்வரை மதிப்புகளைக் கணிப்பது) மிகக் குறைந்த நினைவிடத்தில் முடித்தார்கள். அதை வைத்தே 2025-ல் ரயன் வில்லியம்ஸ், கணினியின் கணித மாதிரியான டூரிங் இயந்திரத்தின் நேரத்துக்கு ஏறக்குறைய அதன் வர்க்கமூல அளவு நினைவிடம் போதும் என்று நிறுவினார். அந்த இரண்டையும் படிக்காமல் ஆய்வேட்டை முடிக்க வேண்டாம்.