இங்கிலாந்தில் முதன்முறை கால்பந்து மேட்ச் பார்க்க வருபவர்கள் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

கேள்வி கேட்டவர் டிசம்பரில் குடும்பத்தோடு லண்டன் வருகிறாராம். பத்தாவது படிக்கும் பையன் லிவர்பூல் பைத்தியமாம். ‘எப்படியாவது ஒரே ஒரு மேட்ச்’ என்று எழுதியிருக்கிறார். அந்த ‘எப்படியாவது’வைப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஊரிலிருந்து யார் வந்தாலும் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். லண்டனில் இருக்கிறவன் கையில் எப்போதும் நாலு டிக்கெட் இருக்கும் என்று நினைப்பு. இல்லை சார். லிவர்பூல், ஆர்சனல், மான்செஸ்டர் யுனைடெட் மாதிரி கிளப்புகளின் டிக்கெட், சீசன் டிக்கெட்டுக்காக (சீசன் முழுக்கச் சொந்த மைதான மேட்சுகளுக்கான டிக்கெட்) வருஷக்கணக்கில் வரிசையில் நிற்கும் உள்ளூர்க்காரனுக்கே கிடைப்பதில்லை. முதலில் சீசன் டிக்கெட்காரர்கள், அடுத்து மெம்பர்கள், அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மெம்பர்ஷிப் கட்டினால் டிக்கெட் நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் காசு ஆன்லைன் வரிசையில் நிற்பதற்கான அனுமதிக்குத்தான்.

ஆனால் ஒரு நேர்வழி உண்டு. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் வர முடியாத நாளில் தங்கள் சீட்டைக் கிளப்பின் சொந்தத் தளத்திலேயே திருப்பிப் போடுவார்கள். மெம்பராக இருந்தால் அதை அச்சிட்ட விலைக்கே எடுக்கலாம். மேட்சுக்கு முந்தைய சில நாட்களில் அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், தட்கல் டிக்கெட் எடுக்கிற பொறுமையும் விரல் வேகமும் வேண்டும். இன்னொரு வழி, சாப்பாட்டோடு சேர்த்துக் கிளப்பே விற்கும் ஹாஸ்பிடாலிட்டி டிக்கெட். ஆளுக்குச் சில நூறு பவுண்டு. வசதியிருந்தால் தாராளமாக எடுங்கள், அதில் தப்பொன்றும் இல்லை.

மூன்றாவது வழி பற்றித்தான் எனக்கு வயிற்றெரிச்சல். கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்கும் மறுவிற்பனைத் தளங்கள். இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியில்லாமல் மறுவிற்பனை செய்வது 1994-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். விற்கிறவன் மீதுதான் வழக்கு வரும், வாங்கிய உங்கள் மீது வராது. ஆனால் கேட்டில் நிறுத்தப்படுவது நீங்கள்தான்.

என் மச்சினன் கதையைச் சொல்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து கிளம்பும் முன்பே, அக்காவிடம்கூட மூச்சுவிடாமல், எனக்கும் சேர்த்து இரண்டு டிக்கெட் எடுத்திருந்தான். வட லண்டன் கிளப் ஒன்று, பெயர் வேண்டாம். ஆளுக்கு 260 பவுண்டு. மேட்ச் அன்று காலையில் அவன் வாட்ஸாப்புக்கு முன்பின் தெரியாத எண்ணிலிருந்து இரண்டு லிங்க். போனில் ஏற்றிக்கொள்ளுங்கள், யாராவது பெயர் கேட்டால் இதைச் சொல்லுங்கள் என்று இரண்டு வெள்ளைக்காரப் பெயர்கள். எனக்கு அப்போதே பொறிதட்டியது. சொன்னேன். “மாமா, நீங்க எப்பவுமே இப்படித்தான்” என்றான்.

டர்ன்ஸ்டைல் என்னும் சுழல் வாசலில் போனைக் காட்டினான். பச்சை விளக்கு எரியவேண்டிய இடத்தில் வேறு நிறத்தில் எரிந்தது. சலுகை விலை டிக்கெட் என்றால் அப்படித் தனி நிறம் காட்டும். அங்கே நின்றிருந்த ஸ்டூவர்ட், அதாவது மைதானப் பணியாளர், ஒரு நடுவயது ஆப்பிரிக்கப் பெண்மணி; போனை வாங்கிப் பார்த்தார். முதியோர் டிக்கெட். என் மச்சினனுக்கு 28 வயது. அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அறுபத்தைந்து தாண்டிவிட்டதா? உடம்பை நன்றாக வைத்திருக்கிறீர்களே, என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அப்புறம் மிக மரியாதையாக ஓரமாக நிற்கச் சொன்னார்கள், இரண்டு டிக்கெட்டையும் ரத்து செய்தார்கள். உள்ளே முதல் கோலுக்குக் கூட்டம் எழுப்பிய சத்தத்தை நாங்கள் பஸ் ஸ்டாப்பில் நின்று கேட்டோம். அந்தத் தளம் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று படிவத்துக்கு மேல் படிவமாக அனுப்பியது. ஒரு பைசா வரவில்லை.

‘நான் அப்படி வாங்கித்தான் போனேன், ஒரு பிரச்சினையும் வரவில்லை’ என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: சந்தோஷம். ஹெல்மெட் போடாமல் போய் வீடு திரும்பியவர்களும் நிறைய இருக்கிறார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ராத்திரி அவனை லேட்டன் ஓரியன்ட் என்ற சின்னக் கிளப்பின் மேட்சுக்குக் கூட்டிப்போனேன். பெயரைக் கேட்டதும் முகம் தொங்கிவிட்டது. இங்கே முதல் அடுக்கான பிரீமியர் லீக்கில் 20 கிளப், அதற்குக் கீழே மூன்று டிவிஷன்களில் தலா 24, ஆக மொத்தம் 92 தொழில்முறை கிளப்புகள். டிவியில் நாம் பார்ப்பது அந்த 20-ஐத்தான். ஓரியன்ட் அப்போது மூன்றாவது அடுக்கு. டிக்கெட் 30 பவுண்டு பக்கம், கிளப்பின் தளத்தில் கார்டு எண்ணைப் போட்டால் வந்துவிடும். டியூப் என்னும் சுரங்க ரயிலில் சென்ட்ரல் லைன் பிடித்து, லேட்டன் ஸ்டேஷனில் இறங்கி ஹை ரோடு வழியே பத்துப் பதினைந்து நிமிஷ நடை.

மைதானத்துக்குப் பக்கத்தில் கொரோனேஷன் கார்டன்ஸ் என்று ஒரு பூங்கா. அதில் லாரி கன்னிங்ஹாமுக்குச் சிலை இருக்கிறது. ஓரியன்டில் தொடங்கி, வெஸ்ட் பிராம் கிளப்புக்குப் போய், 1979-இல் ரியல் மாட்ரிட் வாங்கிய கறுப்பின வீரர். அந்தக் காலத்தில் பார்வையாளர் ஸ்டாண்டிலிருந்து அவரைப் போன்றவர்கள் மீது விழுந்த வசவும் வாழைப்பழமும் கொஞ்சமல்ல. ‘நம்மைப் போன்ற நிறத்தவர்கள் குடும்பத்தோடு போகலாமா’ என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும், அதனால் சொல்கிறேன். போகலாம். இன வசைக் கோஷம் 1991-லிருந்து தனிக் குற்றம். எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன், செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரியும். ஏதாவது காதில் விழுந்தால் ஸ்டூவர்டிடம் சொல்லுங்கள், சீட் நம்பரோடு. நான் போகும் ஸ்டாண்டில் எனக்கு இதுவரை அப்படி நேர்ந்ததில்லை.

மைதானம் சுமார் 9,000 பேர் கொள்ளும். நாலு மூலையிலும் அடுக்குமாடிக் குடியிருப்பு. பால்கனியில் ஒருவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஓசியில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சினன் அதை மட்டும் பத்து போட்டோ எடுத்தான். ஆடுகளத்தின் பக்கக் கோடான டச்லைன் எங்களிடமிருந்து அவ்வளவு கிட்டே. தலையால் பந்தை முட்டும்போது ‘டொக்’கென்று கேட்கும், டிஃபெண்டர் கோல்கீப்பரைத் திட்டுவது வார்த்தை வார்த்தையாகக் கேட்கும். பின்னாளில் இங்கிலாந்து கேப்டனான ஹாரி கேன் பதினேழு வயதில் 2011-இல் வேறு கிளப்பிலிருந்து கடனாக வந்து இங்கேதான் ஆடினார் என்று சொன்னதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பக்கத்து சீட்டில் ஒரு தாத்தா. பிளாஸ்கில் டீ, ஜேப்பில் மிட்டாய், மடியில் மேட்ச் புரோகிராம். மச்சினனுக்கு ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டு, “ரெஃப்ரியைத் திட்டலாம், லைன்ஸ்மேனைத் திட்டலாம், எங்கள் கோல்கீப்பரை மட்டும் நான்தான் திட்டுவேன்” என்று பாடம் எடுத்தார். திட்டவும் செய்தார், தொண்ணூறு நிமிஷமும். பையனைக் கூட்டிவருகிறீர்கள், ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நாலெழுத்துக் கெட்ட வார்த்தைகள் மழையாகப் பொழியும். கூச்சமாக இருந்தால் குடும்ப ஸ்டாண்ட் என்று தனியாக இருக்கிறது, அதில் எடுங்கள்.

எழுபதாவது நிமிஷம் போல ஓரியன்ட் கோல் போட்டது. இந்த டிவிஷனில் விஏஆர், அதாவது வீடியோவைப் பார்த்துத் தீர்ப்பைச் சரிபார்க்கும் முறை, கிடையாது. லைன்ஸ்மேன் கொடி தூக்கவில்லை என்றால் கோல் கோல்தான். தாத்தா என் மச்சினனைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார், டீ அவன் ஜாக்கெட்டில் கொட்டியது. அந்த ஜாக்கெட்டைத் துவைக்காமலே கோயம்புத்தூருக்கு எடுத்துப்போனான்.

லிவர்பூல் ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம். உங்கள் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் கிடைக்கும் அனுபவம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். நான் ஓரியன்ட் ஏஜென்டும் இல்லை. இன்னொரு லண்டன் கிளப்பான ஃபுல்ஹாமுக்குப் போனாலும் எனக்குச் சம்மதமே. பட்னி பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கி, தேம்ஸ் கரையோரம் பிஷப்ஸ் பார்க் வழியாக நடந்தால், 1905-இல் கட்டிய செங்கல் ஸ்டாண்ட் இன்னும் அப்படியே நிற்கிறது. பிரீமியர் லீக்தான், விலை மட்டும் கொஞ்சம் கிறுகிறுக்கும். பெரிய மைதானம்தான் வேண்டும் என்றால் ஆர்சனல் பெண்கள் அணியின் மேட்ச் பாருங்கள். ஆண்கள் அணி ஆடும் அதே எமிரேட்ஸ் ஸ்டேடியம், விலையோ அதில் ஒரு சிறு பகுதிதான், டிக்கெட்டும் சுலபம்.

இப்போது நடைமுறை விஷயங்கள். சீட் எந்தப் பக்கம் என்று பார்த்து வாங்குங்கள். விருந்தாளியாக வரும் அணியின் ரசிகர்களுக்குத் தனிப் பகுதி, தனி வாசல். பையன் லிவர்பூல் ஜெர்சியைப் போட்டுக்கொண்டு எதிரணி ரசிகர்கள் நடுவில் உட்கார்ந்தால் ஸ்டூவர்ட் வெளியே அனுப்பிவிடுவார், அவனுடைய பாதுகாப்புக்காகத்தான். அங்கே உட்கார்ந்து விருந்தாளி அணியின் கோலுக்குத் துள்ளிக் குதித்தாலும் அதே கதை. சென்னையில் ஐபிஎல்லில் மஞ்சளும் நீலமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கிண்டலடிப்பது இங்கே செல்லாது. இரண்டு அணி நிறமும் பாதிப்பாதி இருக்கும் மஃப்ளரை வாசலில் விற்பார்கள், ஞாபகார்த்தமாக நன்றாகத்தான் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் அதைக் கழுத்தில் போட்டவரைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே! வாங்கினால் பைக்குள்ளேயே வையுங்கள். பையும் சின்னதாக இருக்கட்டும், ஏ4 தாளைவிடப் பெரிய பையைப் பல இடங்களில் உள்ளே விடமாட்டார்கள்.

பியர் வாங்கினால் ஸ்டாண்டுக்குப் பின்னாலிருக்கும் நடைபாதையிலேயே குடித்து முடித்துவிட வேண்டும். மைதானம் கண்ணில் படும் இடத்தில் மது கூடாது என்பது 1985-லிருந்து சட்டம். சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. ஸ்டேக் பை (pie) என்றால் உள்ளே மாட்டிறைச்சி. அது பலருக்குத் தெரியும். குளிருக்கு இதமாகப் பாவ்ரில் என்று ஒரு சூடான பானம் தருவார்களே, அதுவும் மாட்டிறைச்சிச் சாறுதான். நிறத்தைப் பார்த்துக் காபி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்குச் சிப்ஸ், அதாவது நம் ஊர் ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ், இருக்கிறது, பெரும்பாலும் சீஸ் ஆனியன் பையும் கிடைக்கும்.

ஆமாம், அந்தச் சிப்ஸ் விலையைப் பார்த்து உடனே ரூபாயில் பெருக்காதீர்கள். இதை நான் சொல்லியே ஆகவேண்டும். ஊரிலிருந்து வரும் சொந்தங்கள் அத்தனை பேரும் டியூப் டிக்கெட்டில் ஆரம்பித்து வாழைப்பழம் வரைக்கும் நூற்றுச்சொச்சத்தால் பெருக்கி, “அடேங்கப்பா!” என்பார்கள். அப்புறம் அதே வாயால், “உங்களுக்கென்ன, பவுண்டில் சம்பாதிக்கிறீர்கள்” என்பார்கள். செலவைப் பெருக்கத் தெரிந்தவர்களுக்கு எங்கள் வீட்டு வாடகையைப் பெருக்கத் தெரியாது. மச்சினன் திரும்பிப்போகும்போது பெட்டி எடை தாண்டி ஏர்போர்ட்டில் நான் கட்டிய பணத்தை யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை. சரி, அது வேறு பஞ்சாயத்து.

இன்னொரு வயிற்றெரிச்சல், இது கால்பந்து சம்பந்தப்பட்டதுதான். சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் கால்பந்து மேட்ச் எதையும் டிவியில் நேரலையாகக் காட்டக்கூடாது. மக்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் சின்னக் கிளப்புகளின் ஸ்டாண்டுகள் காலியாகிவிடும் என்று 1960-களில் பர்ன்லி கிளப் தலைவர் பாப் லார்ட் வாதாடிக் கொண்டுவந்தது. அந்த மூன்று மணி மேட்சை நீங்கள் ராத்திரி எட்டரைக்கு வேளச்சேரியில் சோபாவில் சாய்ந்துகொண்டு பார்ப்பீர்கள். மைதானத்துக்கு நாலு மைல் தூரத்தில் இருக்கும் நான் ரேடியோவில் கேட்க வேண்டும். ஆனால் ஓரியன்ட் மாதிரிக் கிளப்புகள் பிழைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பார்கள், அதனால் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

அதே டிவியால் உங்களுக்கும் ஒரு தொல்லை. அட்டவணையில் சனிக்கிழமை மூன்று மணி என்று போட்டிருக்கும். டிவிக்காரர்கள் தேர்ந்தெடுத்தால் அது ஞாயிறுக்கோ திங்கள் இரவுக்கோ தாவிவிடும். தேதி உறுதியானது என்று கிளப் அறிவிக்கும்வரை ரயிலோ ஹோட்டலோ பணம் திரும்பாத வகையில் எடுக்காதீர்கள்.

கடைசியாக டிசம்பர். 25 அன்று லண்டனில் டியூப், பஸ், ரயில் எதுவும் ஓடாது, மேட்சும் இல்லை. 26 அன்று கீழ் டிவிஷன்களில் வழக்கமாக மேட்ச் இருக்கும், ஆனால் வெளியூர் ரயில்கள் பெரும்பாலும் ஓடாது. அன்றைக்குப் பார்ப்பதென்றால் டியூபில் போய்வரக்கூடிய மைதானமாகப் பாருங்கள். சாக்ஸ் இரண்டு ஜோடி போட்டுக்கொள்ளுங்கள், குளிர் முதலில் காலில்தான் ஏறும். டிக்கெட் எடுக்கும்போது கூரைக்கு அடியில், பின் வரிசையாகப் பார்த்து எடுங்கள். முன் வரிசை போட்டோவுக்கு நன்றாக இருக்கும், மழை வந்தால் முழுக்க நனைந்துவிடுவீர்கள்.