கணவரைப் பிரிந்தால் கிரீன் கார்டு போய்விடுமா?

கேள்வி: கணவர் அமெரிக்கக் குடிமகன். இரண்டு வருட கிரீன் கார்டில் இங்கே வந்து ஓராண்டு ஆகிறது. என் பாஸ்போர்ட், கார்டு, சம்பளம் எல்லாம் அவரிடம்தான். கோபம் வந்தால் அறைவார், அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால், “ஒரு போன் போட்டால் உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்” என்கிறார். அம்மாவோ, “அடிக்கிற கைதான் அணைக்கும், அனுசரித்துப் போ” என்கிறார். பிரிந்தால் நான் இங்கே இருக்க முடியுமா?

பதில்: முடியும், சகோதரி. உங்களை நாடு கடத்துவது உங்கள் கணவர் கையில் இல்லை.

இரண்டு வருட கார்டு நிபந்தனையோடு தரப்படுவது. அந்த நிபந்தனையை நீக்கி இங்கேயே நிரந்தரமாக இருக்க, வழக்கமாகக் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். இந்த மிரட்டலுக்குத் தைரியம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அடிக்கோ கடும் கொடுமைக்கோ ஆளான மனைவி அதே படிவத்தைத் தனியாகவே போடலாம். கணவர் கையெழுத்து வேண்டாம். விவாகரத்து ஆகியிருக்க வேண்டியதில்லை. இரண்டு வருடம் முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மனு விவரத்தைக் குடிவரவு அதிகாரிகள் அவரிடம் சொல்லக் கூடாது. அவர் சொல்வதை மட்டும் வைத்து உங்களுக்கு எதிராக முடிவெடுக்கவும் கூடாது. இரண்டையும் சட்டமே தடுக்கிறது.

நீங்கள் காட்ட வேண்டியது, கல்யாணம் உண்மையானது என்பதும் கொடுமை நடந்தது என்பதும்தான். முதலாவதற்குக் கல்யாணப் போட்டோ, வீட்டு வாடகை ஒப்பந்தம், சேர்ந்து போட்ட வரிக்கணக்கு போன்றவை உதவும். சிக்கல் இரண்டாவதில்தான். புருஷன் அடிப்பான், சம்பளத்தை அவனிடம் கொடுப்பதுதான் முறை என்று சொல்லி வளர்க்கப்பட்ட பெண்கள், வக்கீலிடம்கூட பாதியைத்தான் சொல்கிறார்கள். மனு அங்கேதான் பலவீனமாகிறது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது, காசு தராதது, யாரிடமும் பேச விடாதது, நாடு கடத்துவேன் என்ற மிரட்டல் எல்லாமே கொடுமைக்குச் சான்றாகும். உங்கள் விருப்பமில்லாமல் உறவுக்கு வற்புறுத்தியிருந்தால் அதையும் எழுதுங்கள். மனைவி என்பதற்காக அது குற்றமில்லை என்று ஆகிவிடாது. நடந்ததை உங்கள் வார்த்தையிலேயே, நினைவிருக்கும் தேதியோடு எழுதுங்கள். போலீஸ் ரிப்போர்ட் இல்லையென்றாலும் நம்பத்தகுந்த எந்த ஆதாரத்தையும் அதிகாரிகள் பார்த்தாக வேண்டும். காயத்தின் போட்டோக்களை வீட்டு கம்ப்யூட்டரில் வைக்காமல் நம்பிக்கையான தோழிக்கு அனுப்பிவிடுங்கள்.

அடி விழும் அபாயம் இருந்தால் அவசர உதவி எண் 911-ஐ அழையுங்கள். மாநில நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவும் கேட்கலாம், அதற்கு விசா நிலை ஒரு தடையல்ல. தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

அப்புறம், “ஊருக்கு ஒரு வாரம் போய்விட்டு வரலாம்” என்று கணவர் இப்போது டிக்கெட் போட்டால் கிளம்பாதீர்கள். மனைவியை அங்கே விட்டுவிட்டு பாஸ்போர்ட்டோடு தனியாகத் திரும்பும் கணவர்கள் உண்டு. முதலில் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.