1840இல் கையெழுத்தான வைத்தாங்கி ஒப்பந்தத்தில் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் தங்கள் நாட்டை பிரிட்டனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்களா?

இல்லை. பெரும்பாலான தலைவர்கள் கையொப்பமிட்ட தாளில் அப்படி ஒரு வரியே கிடையாது.

நியூசிலாந்தின் இந்த ஒப்பந்தத்துக்கு நான் வந்து சேர்ந்ததே ஒரு தமிழ் மணியால்தான். முகையதீன் வக்குசுவின் கப்பல் மணி என்று தமிழில் பொறித்த, உடைந்த வெண்கல மணி அது. மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். 1836 வாக்கில் அதைக் கண்டெடுத்தவர் வில்லியம் கொலென்சோ என்ற மிஷன் அச்சகர். யார் இவர் என்று தேடினால், 1840 பிப்ரவரி 6 அன்று வைத்தாங்கியில் நிற்கிறார்! முதல் ஆளாக மாவோரித் தலைவர் ஹோனே ஹெக்கே கையொப்பமிடப் போகும் நேரத்தில் குறுக்கிட்டு, "இதில் உள்ளது இவர்களுக்குப் புரிந்திருக்கிறதா?" என்று பிரிட்டிஷ் துணைநிலை ஆளுநர் ஹாப்சனைக் கேட்கிறார். புரியாவிட்டால் அது தன் குற்றமில்லை என்கிறார் ஹாப்சன். கையொப்பம் தொடர்கிறது.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ஆங்கிலப் படியில் இறையாண்மை முழுவதும் விக்டோரியா அரசிக்கு. அதை இரண்டு நாள் முன்பு ஒரே இரவில் மாவோரியில் பெயர்த்தவர்கள் ஹென்றி வில்லியம்ஸ் என்ற மிஷனரியும் அவர் மகனும். இறையாண்மைக்கு அவர்கள் போட்ட சொல் 'காவனாதங்கா'. 'கவர்னர்' என்பதிலிருந்து உண்டாக்கியது. மாவோரி பைபிளில் ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து ஒரு 'காவனா'. நம் பழைய பைபிளில் 'தேசாதிபதி' என்று வருமே, அவரேதான். தலைவர்கள் தங்கள் நிலத்தையும் ஊரையும் உடைமைகளையும் ஆளும் முழு அதிகாரமோ 'ரங்காதிராதங்கா' என்ற பெயரில் அவர்களுக்கே என்று இரண்டாம் பிரிவு உறுதி சொன்னது. அப்படிப்பட்ட தாளில் கையொப்பமிட்டவர் என்ன நினைத்திருப்பார்? வெள்ளையரை அடக்கி வைக்க ஒரு அதிகாரி வருகிறார் என்றுதானே?

வில்லியம்ஸுக்கு வேறு சொல் தெரியாமல் இல்லை. மாவோரித் தலைவர்களின் 1835 சுதந்திரப் பிரகடனத்தையும் மாவோரியில் பெயர்த்தவர் அவர்தான். அங்கே நாட்டின் மீதான அதிகாரத்துக்கு 'மனா' என்ற சொல் வருகிறது. மனாவைக் கொடு என்று கேட்டிருந்தால் ஒருவரும் பேனாவைத் தொட்டிருக்க மாட்டார்கள் என்றே நான் நம்புகிறேன். சுமார் 540 பேர் கையொப்பமிட்டதில் ஆங்கிலப் படியில் இட்டவர்கள் 39 பேர் மட்டுமே. வைக்காட்டோ பகுதியின் பெருந்தலைவர் தே வெரோவெரோ இரண்டிலுமே இடவில்லை.

பிறகு நடந்தது வேதனை. முதலில் கையொப்பமிட்ட அதே ஹெக்கே 1844-45இல் கொரோராரேக்கா என்ற ஊரின் பிரிட்டிஷ் கொடிமரத்தை நான்கு முறை வீழ்த்தினார். அரசை எதிர்த்தவர்கள் என்று சொல்லி, 1863 சட்டத்தைக் கொண்டு 'கலகக்காரர்கள்' நிலம் பறிக்கப்பட்டது. வைக்காட்டோவில் மட்டும் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல். 1877இல் தலைமை நீதிபதி பிரெண்டர்காஸ்ட் ஒப்பந்தமே செல்லாது என்றார்.

ஒப்பந்த மீறல் புகார்களை விசாரிக்க 1975இல் வைத்தாங்கித் தீர்ப்பாயம் வந்தது. ஆனால் 1840 வரை பின்னோக்கிப் போய் விசாரிக்கும் அதிகாரம் 1985இல்தான் கிடைத்தது. 1995இல் வைக்காட்டோ மக்களுக்கு 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்பில் இழப்பீடும் அரசின் மன்னிப்பும் கிடைத்தன. அதற்கான சட்டத்தில் எலிசபெத் அரசி நேரில் கையொப்பமிட்டார். 2014இல் தீர்ப்பாயம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: 1840 பிப்ரவரியில் கையொப்பமிட்ட வடபகுதித் தலைவர்கள் இறையாண்மையை விட்டுக்கொடுக்கவில்லை. இறையாண்மை அரசிடமே இருக்கிறது, இந்த அறிக்கை அதை மாற்றாது என்று அரசுத் தரப்பு உடனே பதில் சொன்னது.