செப்பு ஆக்சைடில் எலக்ட்ரான்கள் எப்படி ஜோடி சேர்கின்றன? கேள்வி பதில்

கேள்வி: சார், மீகடத்தலில், அதாவது தடையே இல்லாமல் மின்சாரம் பாயும் நிலையில், அணுக்களின் அதிர்வுதான் எலக்ட்ரான்களை ஜோடி சேர்க்கிறது என்று கல்லூரியில் படித்தோம். செப்பு ஆக்சைடு என்றால் மட்டும் ஏன் எல்லோரும் காந்தத்தைப் பேசுகிறார்கள்?

பதில்: வேறெதுவும் கலக்காத தாய்ப் பொருளே ஒருவகைக் காந்தம் என்பதால்தான். லாந்தனம் செப்பு ஆக்சைடில் செப்பு அணுவுக்கு ஒரு எலக்ட்ரான் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஒன்றின் ஸ்பின் (எலக்ட்ரானுக்குள் இருக்கும் குட்டிக் காந்தம்) மேலே என்றால் பக்கத்து அணுவில் கீழே, சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் மாதிரி. மின்சாரம் பாயாது. லாந்தனத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு ஸ்ட்ரான்சியம் சேர்த்தால் அங்கங்கே எலக்ட்ரான் குறையும். 100 செப்பு அணுவுக்கு இரண்டு மூன்று குறைந்தாலே இந்த வரிசை குலைந்துவிடும். ஐந்தாறு குறைந்ததும் மீகடத்தல் தலைகாட்டும், 16 வாக்கில் உச்சம். வரிசைதான் போனது, பழக்கம் போகவில்லை. சின்னப் பரப்பில், கணநேரத்துக்கு, பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிராக நிற்கப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதுதான் ஸ்பின் அலைவு.

கேள்வி: எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குமே, இந்த அலைவும் அந்த விலக்கலில் பிறப்பதுதானே. விலக்கும் விசை எப்படி ஜோடி சேர்க்கும் ஐயா?

பதில்: எனக்கும் இது பிடிபட நாளானது. இரண்டும் ஒரே அணுவில் வந்தால் விலக்கல்தான். ஆனால் பக்கத்துப் பக்கத்து அணுக்களில் எதிரெதிர் ஸ்பின்னோடு நின்றால் அலைவு அவற்றை ஈர்க்கிறது. அதனால் ஒரே இடத்தில் சந்திக்கவே சந்திக்காத ஜோடி அமைகிறது. அந்த ஜோடியின் அலை வடிவம் நாலிதழ்க் கோலம்: எதிரெதிர் இதழ் இரண்டு பிளஸ், மற்ற இரண்டு மைனஸ், மூலைவாட்டில் சுழியம். 1994இல் ஐபிஎம்மில் சூயி, கர்ட்லி குழுவினர் மூன்று படிகங்கள் சேரும் இடத்தில் வளையம் அமைத்தார்கள். சாதாரண மீகடத்தி வளையத்தில் காந்தப் பாயம் (வளையத்தின் ஊடே செல்லும் காந்தப்புலத்தின் அளவு) குவாண்டம் என்ற சிறு அலகின் முழு மடங்காகத்தான் சிக்கும்; இதில் பாதிக் குவாண்டம் தானாகவே சிக்கியிருந்தது. இதழ்களில் பிளஸ் மைனஸ் என்று குறி மாறாமல் அப்படி வராது.

கேள்வி: ஓடும் எலக்ட்ரானுக்கு என்ன ஆகிறது?

பதில்: போகும் திசையைப் பொறுத்தது. செப்பு-ஆக்சிஜன் பிணைப்பின் திசையில் போகிறவை அலைவில் நன்றாக அடிபடும். மூலைவாட்டில் போகிறவை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும்.

கேள்வி: அப்போ வழக்கு முடிந்ததா?

பதில்: இல்லை. இட்ரியம் பேரியம் செப்பு ஆக்சைடில், மீகடத்தல் தொடங்கும் 93 கெல்வினுக்குக் கீழே போனதும், நியூட்ரான்களைப் பாய்ச்சி ஸ்பின்களின் அசைவைப் பார்க்கும் நியூட்ரான் சிதறலில் 41 மில்லி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரு முகடு எழுகிறது. ஸ்பின் கட்சிக்கு அது பெரிய சாட்சி. எலக்ட்ரானின் ஆற்றல் வரைகோட்டில் வரும் ஒரு வளைவை மட்டும், அது அணு அதிர்வால் வருவது என்று சொல்லி, அதிர்வுக் கட்சி விட்டுத்தருவதாக இல்லை. நான் ஸ்பின் பக்கம்தான். ஆனால் அந்த வளைவைக் காட்டி யாராவது மடக்கினால் கொஞ்சம் தயங்குவேன்.