கன்னியாக் கிணறும் கடலோரக் காணியும்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைக்குக் கிட்ட வீடு கட்டக் காணி பார்த்திருக்கிறோம். கன்னியாவில் சுடுநீர் வருவதால் அடியில் எரிமலை இருக்கும், ஒருநாள் வெடிக்கும் என்று அம்மா பயப்படுகிறார். உண்மையா?

பதில்: இல்லை. இலங்கையில் எரிமலையே கிடையாது. அம்மா நிம்மதியாக இருக்கலாம். எரிமலை வெடிக்க அடியில் உருகிய பாறைக்குழம்பு வேண்டும். பெரும்பாலும் புவித்தட்டுகள் ஒன்றின் கீழ் ஒன்று செருகும் இடத்திலும் விலகும் இடத்திலும்தான் அது உருவாகிறது. குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறையும். அப்போது அதில் கரைந்திருந்த நீராவியும் வாயுக்களும், குலுக்கித் திறந்த சோடாப் போத்தல் மாதிரி, பொங்கிச் சீறும். நாமோ தட்டின் உட்பகுதியில், மிகப் பழைய பாறை மேல் இருக்கிறோம். அந்தமானில் உள்ள பாரன் தீவு எரிமலைகூட இங்கிருந்து சுமார் 1,400 கிலோமீற்றர்.

கன்னியாவில் மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆழமாக இறங்குகிறது. கீழே போகப் போக, கிலோமீற்றருக்குச் சுமார் 25 பாகை வீதம் சூடு கூடும். அப்படிச் சூடேறிய நீர்தான் வேறு வெடிப்பு வழியாக மேலே வருகிறது. அங்கே காரியம் செய்யப் போனவர்கள் கவனித்திருப்பார்கள்: ஏழு கிணறும் பக்கத்துப் பக்கத்தில், ஆனால் சூடு ஒன்றுபோல் இல்லை. மேல்மட்டக் குளிர்நீர் கூடவோ குறையவோ கலப்பதால் அப்படி.

என் கவலை கடல்தான். 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தரை 1,000 கிலோமீற்றருக்கு மேல் பிளந்தது. அது மேலெழும்பித் தண்ணீரைத் தள்ளியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை இங்கே வந்துவிட்டது. 2012 ஏப்ரல் 11இல் அதே பக்கம் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தும் பேரலை வரவில்லை, ஏனென்றால் அன்று தரை பக்கவாட்டில்தான் நகர்ந்தது. அன்று நம் சனம் ஓடியது சரியான முடிவு. முதல் நிமிடங்களில் எந்த வகை அதிர்வு என்று யாருக்கும் தெரியாது.

சரி, காணிக்கு வருவோம். கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் முற்பணம் கொடுக்குமுன் கரையோரம் பேணல் திணைக்களத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள். நிலாவெளி வீதியைத் தாண்டி உள்ளே போக ஒழுங்கை உண்டா என்று நடந்தே பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐக் கைபேசியில் பதிந்துவையுங்கள். கடல் திடீரென்று உள்வாங்கினால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள். முதல் அலை வடிந்ததும் சாமான் எடுக்கத் திரும்ப வேண்டாம். அடுத்தது அதைவிடப் பெரிதாக வரலாம்.