மரிண்டூக்கின் முகமூடிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈஸ்டரையொட்டிய புனித வாரத்தில் பிலிப்பைன்ஸின் மரிண்டூக் தீவில் நடக்கும் மொரியோனெஸ் முகமூடி விழாவுக்குப் போகலாம் என்று நானும் மனைவியும் நினைத்திருக்கிறோம். மணிலாவில் வேலை பார்க்கும் நண்பரோ, 'அது சுற்றுலாக்காரர்களுக்காகப் போடும் முகமூடி வேஷம், அதற்கா இவ்வளவு தூரம்?' என்கிறார். போகலாமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கட்டாயம் போங்கள். மேடையும் ஒலிபெருக்கியும் வந்துவிட்டது உண்மைதான், அதை வைத்து மொரியோனெஸ் முழுவதையும் வேஷம் என்று தள்ளுவது அநியாயம். முகமூடிக்குள் இருப்பவர் பெரும்பாலும் உள்ளூர் விவசாயியோ மீனவரோதான். வீட்டில் யாருக்கோ நோய் தீர்ந்ததற்கு நன்றியாகவோ, செய்த பாவத்துக்குப் பரிகாரமாகவோ நேர்ந்துகொண்டு வருகிறார்கள். கோடை வெயிலில் மரத்தில் செதுக்கிய அந்தக் கனத்த ரோம வீரன் முகத்தை மாட்டிக்கொண்டு, திங்கள் முதல் ஈஸ்டர் ஞாயிறு வரை தெருத்தெருவாக நடப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தான் யாரென்று ஊருக்குத் தெரியக்கூடாது என்பதும் அந்த நேர்த்திக்கடனில் சேர்த்தி. கூட்டத்தின் கைதட்டலுக்காக ஆடுகிறவர் முகத்தை மறைத்துக்கொண்டு ஏன் நடக்க வேண்டும்?

விழாவின் கதை லாங்கினுஸ் என்ற ரோமப் படைவீரனுடையது. ஒரு கண் பார்வையற்றவன். சிலுவையில் இருந்த இயேசுவின் விலாவில் ஈட்டியால் குத்தியபோது தெறித்த ரத்தம் பட்டுப் பார்வை திரும்பியது, அப்புறம் அவர் உயிர்த்தெழுந்ததை வாய் மூடாமல் ஊருக்கெல்லாம் சொன்னதற்காகச் சக வீரர்களே அவன் தலையை வெட்டினார்கள் என்கிறார்கள். ஞாயிறன்று இதைத்தான் நடிப்பார்கள்: லாங்கினுஸ் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுவான், பிடிபடுவான், தப்புவான், மறுபடி ஓடுவான், கடைசியில் சிக்குவான். மேடைக்கு முன்னால் நாற்காலி தேடாமல் தெருவில் நின்று பாருங்கள்.

மொக்போக் ஊரையும் விட்டுவிடாதீர்கள். தலைக்கவசத்தின் மேல் வண்ணக் காகிதப் பூக்களைக் கொத்தாகக் கட்டும் பழைய பாணியை அங்கே பார்க்கலாம். சினிமா ரோமானியர்களைப் போன்ற பளபளப்பான வேஷங்களைவிட எனக்கு அதுதான் பிடிக்கும்.

இன்னொன்று, புத்தோங். விருந்தாளியையோ பிறந்தநாள்காரரையோ நடுவில் உட்காரவைத்து, பெண்கள் பாடி ஆடியபடியே அருகில் வந்து தலையில் பூமுடி சூட்டி, பூவும் சில்லறைக் காசும் தூவி, நீண்ட ஆயுளுக்கு வேண்டிக்கொள்வார்கள். யாராவது உங்களை உட்காரச் சொன்னால் கூச்சப்படாமல் உட்காருங்கள், பாதியில் எழுந்துவிடாதீர்கள்.

மணிலாவிலிருந்து பேருந்தில் லுசேனா, அங்கே தலாஹிகன் துறைமுகத்தில் படகு ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் தீவின் பலனாகன் துறைமுகம். வெளியூரில் வேலை பார்க்கும் தீவுக்காரர்கள் எல்லாம் அந்த வாரம்தான் ஊர் திரும்புவார்கள், அதனால் தங்குமிடத்தை இப்போதே சொல்லி வையுங்கள்.